புண்ணியம் யார் கணக்கில்?

“மீதியை நன்கொடையில் சேர்த்துவிடட்டுமா சார்?” என்று கேட்கிற கடைகள் பெருகிவிட்டன. 486 ரூபாய்க்குப் பருப்பும் சோப்பும் வாங்கினால், 14 ரூபாயை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்து 500 ஆக்கிவிடலாம். பில் போடும் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். எனக்குப் பின்னால் வண்டி நிறையச் சாமான்களோடு வரிசை நிற்கும். வேண்டாம் என்றால் 14 ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிற கஞ்சன் என்று பின்னால் நிற்பவர் நினைப்பார். சரி என்றால் அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். ரசீது இல்லாமல் பணம் கைமாறினால் மனம் ஒப்புவதில்லை. எந்த அறக்கட்டளை, போன வருடம் எவ்வளவு சேர்ந்தது, எங்கே செலவானது என்று கேட்கலாம்தான். ஆனால் அதை அந்தப் பெண்ணிடம் கேட்டு என்ன ஆகப் போகிறது? கேட்கச் சொல்லியிருக்கிறார்கள், கேட்கிறார். இன்று எத்தனை பேரிடம் கேட்டாய், எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று மாலையில் அவரிடமும் யாரோ கேட்பார்கள் என்பது, பாடம் ஒப்பிப்பதைப் போல அவர் அதைச் சொல்லும் வேகத்திலேயே தெரிகிறது.

“பதினான்கு ரூபாய்க்கு இவ்வளவு யோசனையா?” என்று என் மனைவி கேட்பாள். தொகை அல்ல என் பிரச்சினை. பெரிய கடைகள் செய்யும் தான தருமங்களை நான் கேலி செய்பவனும் அல்ல. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலி, ரத்ததான முகாம், வெள்ளம் வந்தால் லாரி லாரியாகப் போர்வை என்று ஊருக்கு அவற்றால் நன்மை நடந்திருக்கிறது. என்னை அரிப்பது வேறு. அந்த லாரியில் ஏறிய பொருளுக்குப் பின்னால் மூன்று பேருடைய பணமோ உழைப்போ இருக்கிறது. வாடிக்கையாளர் விட்டுப்போன சில்லறை. ஊழியர்களின் ஒருநாள் சம்பளமும், கடை அடைத்த பிறகு அவர்கள் மூட்டை கட்டிய நேரமும். முதலாளியின் லாபத்திலிருந்து ஒரு பங்கு. லாரியில் கட்டிய பேனரில் மட்டும் ஒரே ஒரு பெயர். பற்று மூன்று பேர் மேல், வரவு ஒருவர் பெயரில் என்று எந்தப் பேரேட்டிலாவது எழுதினால் என் கீழ் வேலை பார்க்கும் பையனைக்கூட நான் சும்மா விடமாட்டேன்.

மகமை என்றொரு வரி

விருதுநகரில் என் தாத்தாவுக்கு மல்லி, வற்றல் வியாபாரம். அவருடைய நீளமான கணக்குப் புத்தகத்தில் வரவு எழுதிய பக்கங்களில் எல்லாம் மகமை என்று ஒரு வரி இருக்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று எங்கள் சாதிச் சங்கமான உறவின்முறை வைத்த கணக்கு அது. வியாபாரம் நடந்தால் மகமையும் நடக்கும். நல்ல வருடம், கெட்ட வருடம், மனம் இளகிய நாள், இளகாத நாள் என்ற பேச்சே கிடையாது. அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், கோயில் பார்த்தார்கள், பங்குனிப் பொங்கல் நடத்தினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியும் சேர்ந்தது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைக்க வேண்டும். அப்படிப் படித்தவர் பிற்காலத்தில் முதலமைச்சராகிப் பள்ளிகளில் மதிய உணவைப் பரப்பியதையும், அதற்கு ஊர் ஊராக மக்கள் அரிசியும் பணமும் கொடுத்ததையும் நினைத்தால், ஒரு கைப்பிடி அரிசிக்கு இத்தனை தூரம் நடக்கத் தெரியுமா என்று ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இது எங்கள் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த ஏற்பாடும் அல்ல. பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டையொட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர், உப்பிலிருந்து மிளகு, பாக்கு, நூல், குதிரை வரைக்கும் எந்தச் சரக்குக்கு எவ்வளவு கோயிலுக்குச் சேர வேண்டும் என்று அதில் வரிசையாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். கொடுப்பவர் யார், எதன்மேல் எவ்வளவு, யாருக்குப் போகிறது என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. எந்தத் தணிக்கையாளரும் குறை சொல்ல முடியாத ஆவணம்.

அதற்காக மகமையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் எனக்கு விருப்பமில்லை. அது ஒரு சாதியின் பொதுப்பணம். அதில் எழுந்த பள்ளிகளில் பிறகு எல்லோரும் படித்தார்கள் என்றாலும், அதை எப்படிச் செலவு செய்வது என்று முடிவெடுத்த கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் கடை வைத்திருந்தவர்கள் மட்டும்தான். மூட்டை தூக்கியவரும், தராசு பிடித்தவரும், என் தாத்தாவுக்குக் கணக்கு எழுதியவரும் அங்கே உட்காரவில்லை. பிடியரிசி எடுத்துவைத்த பெண்களும் உட்காரவில்லை. மகமையில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். முதலாளி தன் வியாபாரத்திலிருந்து தன் பணத்தைக் கொடுத்தார். கொடுத்ததற்குக் கணக்குக் கேட்டார். மிளகாய் வாங்க வந்தவரிடம் சில்லறையை விட்டுப் போகச் சொல்லவில்லை.

சட்டம் சொல்கிற இரண்டு சதவீதம்

இன்றைய மகமைக்குப் பெயர் நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒரு கோட்டைத் தொட்டுவிட்ட நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடப்பில் இருக்கிறது. தொழில் நடத்தும் ஊருக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. சென்னையில் கூட்டம் அலைமோதும் துணிக்கடைகளில் எத்தனை இதன் கீழ் வரும் என்று கேட்காதீர்கள். கூட்டாண்மையாகவோ குடும்பத் தொழிலாகவோ பதிவான கடைக்கு, அது ஏழு மாடி இருந்தாலும், இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே நடக்கும் தருமம் முழுக்க முழுக்க முதலாளியின் மனதைப் பொறுத்தது. சில இடங்களில் சட்டம் கேட்பதைவிட அதிகமாகவே நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சட்டத்தின் விதிகளில் ஒரு சிறு வரி இருக்கிறது. வாடிக்கையாளர்கள் சிலருக்காக நான் இந்தப் படிவங்களை நிரப்பும்போதெல்லாம் அந்த இடத்தில் என் பேனா நிற்கும். நிறுவனத்தின் சொந்த ஊழியர்களுக்குப் பயன்படும் செலவு சமூகப் பொறுப்புச் செலவாகாது. நியாயமான விதிதான். இது இல்லாவிட்டால் ஊழியர் விடுதிக்கு வெள்ளை அடித்ததையும் தீபாவளிக்குக் கொடுத்த இனிப்பு டப்பாவையும் தருமக் கணக்கில் எழுதிவிடுவார்கள். முதலாளிகளை எனக்குத் தெரியும்; நானே எழுதிக் கொடுத்தாலும் கொடுப்பேன். ஊழியர்கள் தொண்டுக்குச் செலவழிக்கும் நேரத்துக்கு விலை போட்டு அந்த 2 சதவீதத்தில் காட்டவும் முடியாது என்று அமைச்சகம் விளக்கம் கொடுத்திருக்கிறது. அதுவும் நியாயம். ஆனால் இரண்டு நியாயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடையில் வேலை பார்க்கிற பெண் தருமம் பெறுகிறவராகவும் கணக்கில் வர முடியாது, தருமம் செய்கிறவராகவும் கணக்கில் வர முடியாது. அவர் எங்கேதான் இருக்கிறார்?

இந்தக் கேள்வி வெறும் கேள்வியாக இருந்தவரை எனக்குத் தூக்கம் கெடவில்லை.

2023 டிசம்பர்

என் மனைவிக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம். அவள் ஊர்ப் பெண் ஒருத்தி சென்னையில் ஒரு பெரிய துணிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறாள். தியாகராய நகர்க் கடைகளுக்குப் போய்வருகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், அங்கே விற்பனையில் நிற்கிற பெண்களில் ஏராளமானோர் தெற்கத்திப் பிள்ளைகள். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பேச்சை அங்கே ஒவ்வொரு தளத்திலும் கேட்கலாம். கடை விடுதியில் தங்கியிருக்கிறாள். விடுமுறை கிடைத்தால் எங்கள் வீட்டுக்கு வந்து அத்தையோடு ஊர்க்கதை பேசி, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவாள். என்னை மாமா என்பாள்.

அந்த டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அவள் வேலை செய்யும் கடையிலிருந்து ரொட்டியும் பாலும் போர்வையும் போயின. கடை அடைத்த பிறகு மூட்டை கட்டியது அந்தப் பெண்கள்தான். பகல் முழுக்க நின்ற கால்களோடு இரவும் நின்றார்கள். கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்தது, கேரளத்துக்கு அடுத்தபடியாக. சட்டம் வந்த பிறகும் சேலை விரித்துக் காட்டும் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணை நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த மாதச் சம்பளத்தில் ஒருநாள் கூலி வெள்ள நிவாரணத்துக்கு என்று பிடிக்கப்பட்டது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம் என்றாள் அவள், கேட்காதது ஒரு குறையே இல்லை என்பது போல.

இரண்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. 17, 18 தேதிகளில் தெற்கே வானம் உடைந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை மறந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்துக் கிராமத்தார் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். ஏரல் துண்டிக்கப்பட்டது. போன் போகவில்லை. என் மனைவி அவளுடைய அண்ணனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கை ஓய்ந்தாள். அந்தப் பெண்ணுக்கும் அதே நிலை. அம்மாவும் தம்பியும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமலே மூன்றாம் தளத்தில் நின்று, கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்களுக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் குடியிருப்பில் சேர்த்த போர்வைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் எங்கே கொடுப்பது என்று பார்த்தபோது, அந்தக் கடையிலிருந்தே தூத்துக்குடிக்கு லாரி கிளம்புகிறது என்றாள். இரவு பத்து மணிக்கு மேல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பெண்கள் நின்றிருந்தார்கள். தளப் பொறுப்பாளர், நாற்பது வயதுக்காரர், அவரும் நாசரேத் பக்கம், கிடங்கிலிருந்து வந்த துணிகளைப் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கல் பதித்த சுடிதார், பின்பக்கம் கயிறு வைத்த ரவிக்கை, பளபளவென்று ஒரு குவியல் துப்பட்டா. துணிக்கடைக்காரர்கள் இதை ஓடாத சரக்கு என்பார்கள். கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். தருமத்துக்குக் கொடுத்துவிட்டால் இடமும் ஆயிற்று, புண்ணியமும் ஆயிற்று. எனக்கு அது புதிதாகவும் படவில்லை. வருடக் கடைசியில் இப்படிப்பட்ட சரக்கை எந்தக் கணக்கில் தள்ளுவது என்று என்னிடம் வந்து கேட்பவர்கள் உண்டு.

“அண்ணாச்சி, இதை அனுப்ப வேண்டாம்” என்றாள் எங்கள் ஏரல் பெண்.

“ஏன்? எல்லாம் புதுத்துணிதானே?”

“புதுத்துணிதான். எங்கள் தெருவில் இப்போது முழங்கால் வரை சகதி. இதைப் போட்டுக்கொண்டு எவள் சகதி அள்ளுவாள்?”

அவர் என்னைப் பார்த்தார், நான் பெட்டிகளைப் பார்த்தேன். அவள் விடவில்லை. நைட்டி வேண்டும். உள்பாவாடை வேண்டும். லுங்கி, துண்டு, பிள்ளைகளுக்கு டிராயர். எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ளாடை. “உள்ளாடையை யாரும் அனுப்பமாட்டார்கள் அண்ணாச்சி. கேட்கவும் கூசுவார்கள். மூன்று நாளாய் நனைந்ததையே கட்டிக்கொண்டிருப்பார்கள்” என்றாள். உள்ளாடைக்கு அளவு வேண்டாமா, யாருக்கு என்ன அளவு என்று சென்னையில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொன்னது இன்னொரு பெண், உடன்குடிக்காரி. “ஆளைப் பார்த்தால் அளவு சொல்கிறவர்கள்தானே அண்ணாச்சி நாங்கள்? எங்கள் ஊர்ப் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா?”

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாத்தான்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் என்று ஒவ்வொருத்தியும் வாயைத் திறந்தாள். குவியலாகக் கட்டினால் லாரியைப் பார்த்ததும் ஆம்பிளைகள் முண்டியடித்து வாங்கிப் போவார்கள், வீட்டில் கிழவி இருந்தால் அவளுக்கு எதுவும் சேராது என்றாள் ஒருத்தி. குடும்பத்துக்கு ஒரு பையாகக் கட்டு என்றாள் இன்னொருத்தி. தாய், தகப்பன், இரண்டு பிள்ளை என்று ஒரு வகை. கிழவன் கிழவி மட்டும் என்று ஒரு வகை. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஒரு வகை. பையின்மேல் மார்க்கரால் எழுதினார்கள். பெண்களுக்கான பையில் நாப்கின் கட்டு ஒன்றை நைட்டிக்குள் சுருட்டி வைத்தார்கள், வெளியே தெரியாமல். தளப் பொறுப்பாளர் முதலாளிக்குப் போன் போட்டார். ஓடுகிற சரக்கில் கைவைப்பது அவர் அதிகாரத்துக்கு மேற்பட்டது. முதலாளி என்ன சொல்வாரோ என்று நானும்தான் காத்திருந்தேன். “பிள்ளைகள் கேட்பதை எடுத்துக் கொடு, கணக்கு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு ஒரு கும்பிடு. நைட்டிப் பிரிவின் ரேக்குகள் அரை மணி நேரத்தில் காலியாயின.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரை ஊர்களில் சாலையோரம் மலையாகக் கிடந்த துணிகளைப் பார்த்தவர்கள் என் தலைமுறையில் நிறையப் பேர் இருப்பார்கள். நாடு முழுவதிலுமிருந்து வந்தவை. கிழிந்தவை, சாயம் போனவை, கடலோரக் குடும்பத்துக்கு எந்தவிதத்திலும் பயன்படாதவை. மீனவர்கள் தொடவில்லை. எல்லாவற்றையும் இழந்து நின்றவர்களிடம் பிறர் உடுத்திக் கழித்ததை நீட்டினால் எப்படித் தொடுவார்கள்? தேங்கிய அந்தத் துணியைப் பிரித்து, வேறு பயனுக்கு மாற்றும் பெரும் வேலையை கூஞ்ச் போன்ற தொண்டு நிறுவனங்கள் செய்ய வேண்டியிருந்தது. கொடுக்க மனமில்லாமல் நேர்ந்ததல்ல அது. வாங்குபவர் யார், எந்த உடம்பு, எந்த வேலை, எந்த வெட்கம் என்று அறிந்த ஒருவர்கூட மூட்டை கட்டிய இடத்தில் இல்லை. அன்றிரவு அந்தக் கீழ்த்தளத்தில் அப்படிப்பட்டவர்கள் இருபது பேர் இருந்தார்கள். பத்து வருடம் விற்பனையில் நின்று சேர்த்த அறிவு அவர்களுடையது. முதலாளி கொடுத்த துணிக்கு அடக்கவிலை உண்டு. அவர்கள் கொடுத்ததற்கு எந்தப் பத்தியில் எந்தத் தொகை எழுதுவேன்?

இரண்டு ஊர், ஒரே நிறுவனம்

கடைசிப் படியில் நிற்பவருக்கு முடிவெடுக்க இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதொலைவில் ஒரு சம்பவம் இருக்கிறது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் வேவ்லேண்ட் என்ற சிற்றூரைத் துடைத்துப்போட்டது. அங்கிருந்த வால்மார்ட் கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. உதவி மேலாளர் ஜெசிகா லூயிஸ் மேலிடத்தில் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. புல்டோசரை விட்டு இடிபாடுகளை ஒதுக்கி, நனையாமல் தப்பிய பொருள்களை வாகன நிறுத்துமிடத்தில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். மருத்துவமனையில் மருந்துக்குத் தட்டுப்பாடு என்று தெரிந்ததும் கடையின் பூட்டியிருந்த மருந்தகத்தை உடைத்து எடுத்துக் கொடுத்தார். கம்பெனி அவரைத் தண்டிக்கவில்லை, பாராட்டியது. அந்தப் புயலுக்கு அந்த நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரிகளில் பொருள் அனுப்பியது. அரசாங்கத்துக்கு முன்னால் போய் நின்றது என்று பெயரும் வாங்கியது.

எட்டு வருடம் கழித்து, 2013 நவம்பர். அதே நிறுவனம், ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊர்க் கடை. ஊழியர்கள் மட்டும் போய்வரும் பகுதியில் பிளாஸ்டிக் பெட்டிகள் வைத்திருந்தார்கள். நன்றி கூறும் திருநாளுக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லாத சக ஊழியர்களுக்காக உணவுப் பொருள்களை இதில் போடுங்கள் என்று அறிவிப்பு. போடுகிறவர்களும் ஊழியர்கள், எடுக்கிறவர்களும் ஊழியர்கள். செய்தி வெளியே வந்ததும் நாடே கொதித்தது. எங்கள் ஊழியர்கள் ஒருவர்மேல் ஒருவர் எவ்வளவு அக்கறை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று என்ற வகையில் நிறுவனம் பதில் சொன்னது. பொய்யும் இல்லை. அந்தப் பெட்டியில் டப்பா உணவைப் போட்ட பெண்ணின் ஈரத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த ஈரத்தைக் காட்டி ஊதியத்தைப் பற்றிய கேள்வியை மூடப் பார்த்தது அக்கிரமம் அல்லவா? இந்த இரண்டு ஊர்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பெரிய கடைகளைப் புகழ்கிறவர்களும் உண்டு, திட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வருகிறது. வேவ்லேண்டில் கொடுத்ததும் கேன்டனில் பசித்ததும் ஒரே சீருடை.

பிடித்தம்

ஏரலுக்கு வருகிறேன். அவள் அம்மாவும் தம்பியும் பள்ளிக்கூட மாடியில் இருந்தார்கள் என்று தகவல் வந்தது. வீட்டின் ஒரு மண்சுவர் போய்விட்டது. அரசு கொடுத்த 6,000 ரூபாயும், யாரோ கொடுத்த அரிசியும் கிடைத்தன. சென்னையிலிருந்து போன பைகள் அவர்கள் தெருவுக்கு வரவில்லை, வேறெங்கோ கொடுத்து முடித்துவிட்டார்கள். அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இல்லை. ஜனவரியில் வந்தபோது சம்பளச் சீட்டை என்னிடம் நீட்டி, “இதைக் கொஞ்சம் பாருங்கள் மாமா” என்றாள். ஒருநாள் சம்பளம் வெள்ள நிவாரணத்துக்கு என்று இரண்டாவது முறையும் பிடித்திருந்தார்கள். முதல் தடவை சென்னைக்கு, இரண்டாவது தெற்குக்கு. அதற்குக் கீழே இன்னொரு வரி: முன்பணம் பிடித்தம். வீட்டுச் சுவரைக் கட்டக் கடையில் கேட்டிருக்கிறாள். முதலாளி உடனே கொடுத்திருக்கிறார், வட்டி இல்லாமல், மாதாமாதம் கழித்துக்கொள்வதாக. அதை அவள் பெரிய உதவியாகத்தான் சொன்னாள், பெரிய உதவிதான். ஆனால் சீட்டில் அந்த இரண்டு வரியும் அடுத்தடுத்து இருந்தன. வெள்ளத்தில் வீடு இடிந்தவள், வெள்ளத்தில் வீடு இடிந்தவர்களுக்குக் கொடுத்திருந்தாள். தனக்கு வந்ததைக் கடனாக வாங்கியிருந்தாள்.

மாவட்டத்தில் நிவாரணம் ஒப்படைத்த புகைப்படம் கடை வாசலில் பெரிதாக வைக்கப்பட்டிருந்தது. அதில் கடையின் பெயர் இருந்தது, முதலாளி குடும்பம் இருந்தது.

அன்றைக்கு அவளிடம் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதற்கு 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. பிரதமர் நிவாரண நிதிக்குப் பிடிப்பதாக இருந்தால்கூடத் தொழிலாளியின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்பது அதன் நிலை. கொடுக்க விருப்பம் என்று மனதில் நினைத்தால் போதாது, கையெழுத்துப் போட வேண்டும். “நாங்கள் கொடுக்கமாட்டோம் என்று சொல்லவில்லையே மாமா” என்றாள் முதலில். பிறகு சீட்டை மடித்துக்கொண்டே, “கேட்டால்தானே கொடுத்ததாகும்?” என்றாள். என்னிடம் சொல்கிறாளா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை.

சண்டையெல்லாம் நடக்கவில்லை. தளப் பொறுப்பாளரிடம் அவளும் இன்னும் சிலரும் சொல்லியிருக்கிறார்கள், அவர் மேலே சொல்லியிருக்கிறார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறி, விழுப்புரமும் கடலூரும் திருவண்ணாமலையும் அடிவாங்கியபோது அந்தக் கடையில் ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. ஒருநாள் சம்பளம் கொடுக்க விரும்புகிறவர்கள் கையெழுத்திடலாம். துணி எடுக்கும் பொறுப்பு, கேட்காமலே, அந்தத் தெற்கத்திப் பெண்களிடம் கொடுக்கப்பட்டது. நான் சேலை எடுக்கப் போன மனைவியோடு துணைக்குப் போயிருந்தபோது அந்த அண்ணாச்சியே இதைச் சொன்னார். மூட்டை கட்டுவதற்கு அவள்தான் முதல் ஆளாக நின்றாளாம். விழுப்புரத்துப் பெண்களுக்கு என்ன அளவு சரியாக இருக்கும் என்று, அந்தப் பக்கத்திலிருந்து வந்து தரைத்தளத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தாளாம்.

மாடிக்குப் போனோம். சேலை விரிக்கும் மேடைக்குப் பின்னால் மூன்று ஸ்டூல்கள் புதிதாக இருந்தன. அதில் பைகளை வைத்திருந்தார்கள். மனைவி நிறம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்களா, போடாதவர்களும் இருக்கிறார்களா?

“இருக்கிறார்களே” என்றாள், ஒரு மாம்பழ நிறச் சேலையை அத்தையின் தோளில் போட்டுப் பார்த்தபடி. “நான் போடவில்லை மாமா. சுவருக்கு வாங்கியது இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கிறது.”